ஈரக் கையும் மின்சாரமும்

(எமது வானொலியின் மாதாந்தப் பேச்சு நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த நேரத்தில் வரிக் கணக்கு, வீட்டுக் கடன், ஓய்வூதியம் என்று பேசுகிறவன் நான். இன்று குளியலறை லைற்றைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் நிலையத்தில் இருந்த தம்பி ஒருவர் சிரித்தார். "அண்ணை, கணக்காளருக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

சம்பந்தம் இருக்கின்றது. வாடகைக்கு வீடு விட்டிருக்கும் எங்கள் ஆட்களின் ரசீதுகள் வருடா வருடம் என் மேசைக்கு வருகின்றன. அதற்குள் ஒரு கடதாசித் துண்டு இருக்கும். "பாத்ரூம் வேலை முழுவதும், காசு கொடுத்தாச்சு" என்று எழுதியிருக்கும். யார் செய்தது, என்னென்ன செய்தது, யார் பரிசோதித்தது, ஒன்றும் இருக்காது. கேட்டால், "எங்கட பொடியன்தான், நல்ல வேலைகாரன்" என்பார்கள். ரைல்ஸ் ஒட்டுவதில் அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். அந்த ரைல்ஸுக்குப் பின்னால் போகும் வயரை யார் பார்த்தது என்பதுதான் என் கேள்வி.

ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறேன். நான் எலக்ரீசியன் அல்ல. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் ஏணியில் ஏறி வயரைக் கழற்ற வேண்டாம். வீட்டுக்காரர் அறிந்திருக்க வேண்டியது என்ன, வேலைக்கு வருபவரிடம் கேட்க வேண்டியது என்ன, எதைக் கண்டால் பயப்பட வேண்டும், இவ்வளவையும் தெரிந்துகொள்வதுதான் இன்றைய நோக்கம். நான் சொல்லும் சட்டங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இருக்கும் நேயர்கள் தங்கள் இடத்து விதிகளைக் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

நேயர்களே, எங்களில் பலருக்கு மின்சாரத்தோடு வளர்ந்த பழக்கம் குறைவு. 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. அதன் பிறகு பல ஆண்டுகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள்தான் இன்று இங்கே வீடு வாங்கி, மேல்மாடி போட்டு, இரண்டு மூன்று குளியலறை வைத்திருக்கிறார்கள். ஊரில் குளிப்பது கிணற்றடியில். கிணற்றடி வீட்டுக்கு வெளியே. அங்கே தண்ணீரும் மின்சாரமும் சந்தித்தது, இருந்தால், நீர் இறைக்கும் மோட்டரில் மட்டும்தான். இங்கேயோ ஆறடிக்கு எட்டடி அறைக்குள் சுடுதண்ணீர், நீராவி, லைற், காற்றாடி, மின்சார ஷவர், கண்ணாடிக்கு மேலே இன்னொரு லைற், எல்லாம் கையெட்டும் தூரத்தில்.

இன்னொரு விசயமும் உண்டு. நாங்கள் குளிக்கிற மாதிரி வெள்ளைக்காரர் குளிப்பதில்லை. வாளியும் கோப்பையும் வைத்துத் தலைக்கு ஊற்றுவோம். குளித்து முடிந்ததும் அம்மா சுவரிலும் நிலத்திலும் வாளித் தண்ணீரை அடித்துக் கழுவி விடுவார். அது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த நாட்டுக் குளியலறை அந்தத் தண்ணீரை எதிர்பார்த்துக் கட்டப்பட்டதல்ல.

சரி, எவ்வளவு கரண்ட் ஆளைக் கொல்லும்? இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ற். 7 வாட் எல்.இ.டி. மின்குமிழ் ஒன்று எடுக்கும் கரண்ட் சுமார் 30 மில்லி அம்பியர். அதாவது ஒரு அம்பியரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் முப்பது பங்கு. அந்த அளவு கரண்ட் நெஞ்சுக்குள்ளால் தொடர்ந்து பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. உலர்ந்த தோல் கரண்டை ஓரளவு தடுக்கும். ஈரத் தோல் அப்படித் தடுக்காது. வெறுங்காலோடு ஈர நிலத்தில் நின்று, ஒரு கையால் உலோகக் குழாயைப் பிடித்திருந்தால், கரண்டுக்கு நேர் வழி கிடைத்துவிடும்.

"பியூஸ் இருக்குத்தானே, அது அடிக்கும்" என்று சிலர் நினைக்கிறார்கள். லைற் சேர்க்கிட்டுக்கு வழமையாகப் போடுவது 6 அம்பியர் பிறேக்கர், பழைய வீடுகளில் 5 அம்பியர் பியூஸ். 6 அம்பியர் என்பது 30 மில்லி அம்பியரின் இருநூறு மடங்கு. பியூஸும் பிறேக்கரும் காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்ற வேறு ஒன்று வேண்டும். அதன் பெயர் ஆர்.சி.டி.

ஆர்.சி.டி. என்ன செய்கிறது என்பது என்னைப் போன்ற கணக்காளருக்கு இலகுவாக விளங்கும். வரவும் செலவும் பார்க்கிற வேலைதான் அது. ஒரு வயரால் போன கரண்ட் முழுவதும் மற்ற வயரால் திரும்பி வந்ததா என்று ஒவ்வொரு கணமும் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி அம்பியர் குறைந்தால், அந்தக் கரண்ட் வேறு எங்கோ, ஒருவேளை ஓர் ஆளின் உடம்பு வழியாக, நிலத்துக்குப் போகிறது என்று பொருள். உடனே, ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்குக்குள், மின்சாரத்தை வெட்டிவிடும். 2008 இல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 7671 விதிகளின் 17 ஆவது பதிப்பு முதல், குளியலறைக்குப் போகும் சேர்க்கிட்டுகள் எல்லாவற்றுக்கும் இந்த 30 மில்லி அம்பியர் ஆர்.சி.டி. பாதுகாப்பு இருக்க வேண்டும். அதற்கு முன் வயர் போட்ட வீடுகள் பலவற்றில் லைற்றுக்கு இது இல்லை.

ஆனால் ஆர்.சி.டி. இருக்கிறது என்று துணிந்துவிடவும் கூடாது. ஒருவர் உயிர் வயரையும் நியூற்றல் வயரையும் ஒரே நேரத்தில் பிடித்தால், அந்த ஆளும் ஒரு மின்குமிழ் மாதிரித்தான். போன கரண்ட் திரும்பி வருவதால் வரவு செலவு சரியாக இருக்கும். ஆர்.சி.டி. பேசாமல் இருக்கும்.

அடுத்ததாக, எங்கள் ஆண்கள் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி. "லைற் மாற்றுறது என்ன பெரிய வேலையே? ஆளியை நிற்பாட்டிப் போட்டு இரண்டு வயரைப் பூட்டுறதுதானே" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நாட்டு வீடுகளில் பெரும்பாலும் மின்சாரம் முதலில் கூரையில் லைற் தொங்கும் இடத்துக்கு வந்து, அங்கிருந்துதான் ஆளிக்கு இறங்குகிறது. ஆகவே ஆளியை நிற்பாட்டினாலும் கூரையில் ஒரு வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

வயரின் நிறத்திலும் ஒரு பொறி இருக்கின்றது. ஊரில் பழைய வீடுகளில் பார்த்த சிவப்பும் கறுப்பும்தான் இங்கேயும் முன்பு இருந்தன. சிவப்பு உயிர் வயர், கறுப்பு நியூற்றல். 2004 மார்ச் 31 முதல் மண்ணிறமும் நீலமும் வரத் தொடங்கி, 2006 ஏப்ரலில் இருந்து புதிய வேலைகளுக்கு அவையே கட்டாயமாகின. பழைய வீட்டில் புது அறை இறக்கியிருந்தால் நான்கு நிறமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து, ஆளிக்கு இறங்கும் பழைய கேபிளில் கறுப்பு வயர் நியூற்றல் அல்ல. ஆளியைப் போட்டதும் அதுவும் உயிர் வயர்தான். அதில் சிவப்பு அடையாளம் சுற்றியிருக்க வேண்டும். பல வீடுகளில் அது இல்லை. "கறுப்பு ஒன்றும் செய்யாது" என்று தொட்டவருக்கு அது என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முறையான எலக்ரீசியன் என்ன செய்வார் தெரியுமா? மின்பெட்டியில் அந்தச் சேர்க்கிட்டை நிற்பாட்டி, வேறு யாரும் போட முடியாதபடி பூட்டுவார். இரண்டு முனை உள்ள ரெஸ்டரைக் கரண்ட் இருக்கும் ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்ப்பார். பிறகு தான் வேலை செய்யும் வயரைப் பார்ப்பார். மீண்டும் கரண்ட் உள்ள இடத்தில் ரெஸ்டரைச் சரிபார்ப்பார். எங்கள் வீட்டு லாச்சிகளில் கிடக்கும், கரண்ட் இருந்தால் உள்ளே சிறு வெளிச்சம் வரும் ஸ்குறூடிரைவர் இதற்கு உதவாது. அது எரிவதே உங்கள் உடம்பு வழியாகப் போகும் சிறு கரண்டினால்தான். எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்றும் நம்ப முடியாது.

இனி, எந்த லைற்றை எங்கே போடலாம்? விதிகள் குளியலறையை வலயங்களாகப் பிரிக்கின்றன. குளியல் தொட்டிக்கு உள்ளே பூச்சிய வலயம். அங்கே 12 வோல்ற்றுக்கு மேல் கூடாது. தொட்டிக்கும் ஷவருக்கும் நேர் மேலே, நிலத்திலிருந்து 2.25 மீற்றர் உயரம் வரை முதலாம் வலயம். அதன் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் 60 சென்ரிமீற்றர் வரை, அதே உயரத்துக்கு, இரண்டாம் வலயம். முதலாம், இரண்டாம் வலயங்களில் போடும் லைற்றில் குறைந்தது ஐ.பி.எக்ஸ்.4 அல்லது ஐ.பி.44 என்று இருக்க வேண்டும். கடைசியில் வரும் 4 என்ற இலக்கம், எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. குழாயால் பீச்சிக் கழுவுகிற பழக்கம் உள்ள வீடென்றால் 4 போதாது, 5 வேண்டும். இதை எலக்ரீசியனிடம் நீங்களாகவே சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பழக்கம் அவருக்குத் தெரியாது.

மேல்மாடி போட்டவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண அறையில் கூரை 2.25 மீற்றருக்கு மேலே இருக்கும். லொஃப்ற் குளியலறையில் கூரை சரிந்து வரும். அங்கே ஷவருக்கு மேலே உள்ள லைற் முதலாம் வலயத்துக்குள் வந்துவிடும். கீழ்வீட்டுக் குளியலறையில் பூட்டிய அதே லைற்றை மேலேயும் பூட்டினேன் என்பது சரிவராது.

அடுத்தது ஆளி. சுவரில் பூட்டும் சாதாரண ஆளி இந்த வலயங்களுக்குள் வரவே கூடாது. அதனால்தான் இந்த நாட்டில் கயிறு இழுக்கும் ஆளியைக் கூரையில் வைக்கிறார்கள், அல்லது ஆளியை அறைக்கு வெளியே கதவடியில் வைக்கிறார்கள். சிலர் அழகுக்காக அந்தக் கயிற்றைக் கழற்றிவிட்டு உலோகச் சங்கிலி போடுகிறார்கள். செய்யாதீர்கள். கரண்ட் கடத்தாத கயிறு என்பதுதான் அதன் முழுப் பயன்.

சாதாரண மூன்று முனைப் பிளக் பொயின்ற் முதலாம் வலயத்தின் விளிம்பிலிருந்து 2.5 மீற்றருக்கு அப்பால்தான் இருக்கலாம். 2022 இல் விதியைத் திருத்துவதற்கு முன் இது 3 மீற்றர். எங்கள் வீடுகளில் உள்ள குளியலறைகளில் அவ்வளவு தூரம் கிடையாது. ஆகவே, பிளக் பொயின்ற் வேண்டாம். சவரம் செய்யும் கருவிக்கென்று தனியான ட்ரான்ஸ்போமர் உள்ள பொயின்ற் உண்டு, அது போதும். வெளியிலிருந்து எக்ஸ்ரென்சன் வயர் இழுத்து, தலை உலர்த்துவதோ போன் சார்ஜ் பண்ணுவதோ வேண்டவே வேண்டாம். 2016 இல் லண்டனில், குளியல் தொட்டிக்குள் இருந்தபடி போனைச் சார்ஜ் செய்த ஒருவர் உயிரிழந்தார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

மின்சார ஷவர் வேறு கதை. 9.5 கிலோவாட் ஷவர் சுமார் 40 அம்பியர் எடுக்கும். அதற்கு மின்பெட்டியிலிருந்து தனிக் கேபிள், தனிப் பிறேக்கர், தனிக் கயிற்று ஆளி வேண்டும். ஏற்கெனவே இருக்கும் லைற் வயரிலோ பிளக் வயரிலோ தொடுத்தால் சுவருக்குள் வயர் உருகும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அந்த வீட்டு மாமிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. முகம் கழுவும்போது கண்ணாடிக்கு மேலிருக்கும் லைற்றின் சிறு கயிற்றைத் தேடிக் கை பட்டால் "சுள்ளெண்டு இழுக்குது" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். வயது போன ஆள், நரம்புத் தளர்ச்சியாக்கும் என்று வீட்டில் நினைத்தார்கள். வைத்தியரிடமும் கூட்டிப் போனார்கள். இரண்டு மாதம் கழித்து, வேறு வேலைக்கு வந்த எலக்ரீசியனிடம் மாமி தானே கைச் சைகையில் அதைக் காட்டியிருக்கிறார். அவர் கழற்றிப் பார்த்தார். உலோக லைற். பூட்டியவர் எர்த் வயரைத் தேவையில்லை என்று வெட்டி விட்டிருந்தார். பூட்டிய ஸ்குறூ உயிர் வயரின் உறையைக் கிழித்திருந்தது. லைற்றின் உடம்பு முழுவதும் 230 வோல்ற். மின்பெட்டியோ பழைய வயர் பியூஸ் பெட்டி. ஆர்.சி.டி. இல்லை. எர்த் இல்லாததால் பியூஸும் அடிக்கவில்லை.

மாமி எப்போதும் ரப்பர் செருப்போடு, உலர்ந்த மிதியடியில் நிற்கிறவர். அதனால்தான் சுள்ளென்றதோடு போயிற்று. மற்றக் கையால் குழாயைப் பிடித்திருந்தால் அந்த வீட்டின் கதை வேறு. நேயர்களே, "சுள்ளெண்டுது" என்று வீட்டில் யார் சொன்னாலும், அது பாட்டியாக இருந்தாலும் பேரனாக இருந்தாலும், அன்றைக்கே அந்தச் சேர்க்கிட்டை மின்பெட்டியில் நிற்பாட்டிவிட்டு எலக்ரீசியனைக் கூப்பிடுங்கள். மெழுகுதிரியோடு ஒரு நாள் குளிப்பதில் குறைந்துவிட மாட்டோம். அதற்கு எங்களுக்குப் பழக்கமும் உண்டு.

எர்த் தேவையில்லாத லைற்றும் இருக்கிறது. அதில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருக்கும். அந்த அடையாளம் இல்லாத உலோக லைற்றுக்கு எர்த் கட்டாயம்.

இனி என்னுடைய பக்கத்துக்கு, கடதாசிப் பக்கத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் 2005 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து வீட்டு மின்வேலை, கட்டட விதிகளின் பி பகுதிக்குள் வந்தது. 2013 இல் அதைச் சற்றுத் தளர்த்தினார்கள். இன்றைய நிலையில், புதிய சேர்க்கிட் இழுப்பது, மின்பெட்டி மாற்றுவது, தொட்டிக்கும் ஷவருக்கும் சுற்றியுள்ள அந்த வலயத்துக்குள் புதிதாகச் சேர்ப்பது அல்லது மாற்றியமைப்பது, இவற்றைக் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். இருந்த லைற்றைக் கழற்றி அதே இடத்தில் அதே மாதிரியான லைற் போடுவதற்கு அறிவித்தல் தேவையில்லை. ஆனால் அந்த வேலையும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற சட்டம் அப்படியே இருக்கிறது.

என்.ஐ.சி.இ.ஐ.சி., நாபிட் போன்ற அமைப்புகளில் பதிவு செய்த எலக்ரீசியன் என்றால், அந்த அறிவித்தலை அவர் வழியாகவே செய்து, உங்களுக்குச் சான்றிதழ் வரும். பதிவு இருக்கிறதா என்று அந்த அமைப்பின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். தமிழ் எலக்ரீசியன்களும் பதிவோடு நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கட ஆளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் விருப்பம்தான். எங்கட ஆளிடமே சான்றிதழையும் கேளுங்கள். கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகாது. முறையாகப் படித்துப் பதிவு செய்தவருக்கு அது மரியாதை.

சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன? வீட்டை விற்கும் நாளில் தெரியும். 2005 ஜனவரிக்குப் பிறகு மின்வேலை செய்யப்பட்டதா, அதற்கான கடதாசி எங்கே என்று விற்பவர் நிரப்பும் படிவத்திலேயே கேட்கிறார்கள். கடதாசி இல்லாமல் விற்பனை இழுபட்டதை நான் கண்டிருக்கிறேன்.

வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு இன்னும் இறுக்கம். 2020 இல் வந்த விதிகளின்படி, தகுதியுள்ளவரைக் கொண்டு குறைந்தது 5 ஆண்டுக்கு ஒருமுறை வீட்டு மின்சாரத்தைப் பரிசோதிக்க வேண்டும். அறிக்கையின் பிரதியை 28 நாட்களுக்குள் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். அறிக்கையில் சி1 என்றால் ஆபத்து இப்போதே இருக்கிறது, சி2 என்றால் ஆபத்து வரக்கூடும். இவற்றை 28 நாட்களுக்குள், அல்லது அறிக்கை அதற்கும் முன் என்று சொன்னால் அதற்குள், திருத்த வேண்டும். பரிசோதனைச் செலவை வாடகை வருமானத்துக்கு எதிரான செலவாகக் காட்டலாம். ஆனால் ரசீது வேண்டும். கடதாசித் துண்டு ரசீது ஆகாது. அதேபோல வாடகைக்கு இருக்கும் நேயர்களே, இந்த அறிக்கையைக் கேட்பது உங்கள் உரிமை. வீட்டுக்காரர் தமிழர், தெரிந்தவர், எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். சொந்த வீட்டில் இருப்பவர்கள் பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது பரிசோதிப்பது நல்லது.

கடைசியாக, இன்றைக்கே செய்யக்கூடியவை. மின்பெட்டியைத் திறந்து, "ரி" அல்லது "ரெஸ்ட்" என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் ஆர்.சி.டி. கணினியை நிற்பாட்டிவிட்டு, வீட்டில் யாருக்காவது மருத்துவக் கருவி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பொத்தானை அமத்துங்கள். உடனே விழ வேண்டும். திரும்பத் தூக்கி விடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். விழாவிட்டாலோ, பொத்தானே இல்லாவிட்டாலோ, எலக்ரீசியனுக்குப் போன் போடுங்கள். அது தானாக அடிக்கடி விழுந்தால் திட்டாதீர்கள், அது உங்களுக்கு ஏதோ சொல்கிறது.

ஒருவருக்கு ஷொக் அடித்துக்கொண்டிருப்பதைக் கண்டால் ஓடிப் போய்ப் பிடிக்காதீர்கள். முதலில் மெயின் ஆளியை நிற்பாட்டுங்கள், பிறகு ஆளிடம் போங்கள், 999 க்கு அழையுங்கள். மெயின் ஆளி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும், பகலில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கும், கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டி வையுங்கள். பிள்ளைகள் பாடசாலையிலும் நாங்கள் வேலையிலும் இருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

 அடுத்த மாதம் மீண்டும் வரிக் கணக்கோடு சந்திக்கிறேன். வணக்கம்.